மறுபடி இறங்கியவர்கள் பற்றிய குறிப்பு

மக்களே, அந்த நாளைப் பற்றி உங்கள் மாமாவிடம் கேட்டால் ஒரு மாதிரி சொல்வார். அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். ரெண்டு பேரும் பொய் சொல்லுகிறவர்கள் இல்லை. நீங்கள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தீர்கள், ஒன்றும் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அதனால் எழுதி வைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றுபோனவன் எழுதுவது, அதற்குத் தக்கபடி படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்மாவின் பட்டியலைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

அம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் நம் கரையில் சங்கு குளிக்கிறவர்களின் உடம்பு. கடலுக்கடியில் போய் வந்தபின் அவர்களுக்கு என்ன நோவு வருகிறது, அதற்கு அவர்களே என்ன வைத்தியம் செய்துகொள்கிறார்கள் என்பது. முத்து எடுத்த காலமெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது நம் ஆட்கள் கீழே போவது சங்குக்குத்தான். அம்மா பிறந்த தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் அந்தத் தொழில். நம் வீட்டில் அம்மாவின் தம்பி, உங்கள் மாமா.

கட்டுரை எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை முடிக்கவேண்டும் என்று அம்மாவுக்கு வழிகாட்டும் பேராசிரியை சொல்லியிருந்தார். இந்தப் பொருளில் ஏற்கெனவே மற்றவர்கள் எழுதியதை எல்லாம் தேடிப் படித்து, பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு எழுதவேண்டும். அதற்கு அனோடேட்டட் பிப்ளியோகிராபி என்று பேர். முதல் தடவை அம்மா சொன்னபோது வெளித்துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருக்கிற ஏதோ கப்பலின் பேர் போல இருந்தது எனக்கு. அப்படித்தான் அவளிடமும் சொன்னேன். சிரிக்கவில்லை. பேராசிரியை விதித்த விதிகளை எனக்கு எடுத்துச் சொன்னாள். எழுதியவர் யார், அவர் யாரிடம் எப்படி விசாரித்தார், என்ன கண்டார், அதை எவ்வளவு தூரம் நம்பலாம், நம் கட்டுரைக்கு அது எதற்கு ஆகும். ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது. படிக்காததைச் சேர்க்கக் கூடாது. ஒன்றுக்கொன்று மாறாக ரெண்டு கட்டுரை கிடைத்தால் ரெண்டையும் அடுத்தடுத்து வைத்து, எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய் என்று எழுதாமல் நழுவக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

நான் டைப் அடித்துக் கொடுக்கிற ஆள். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஷிப்பிங் பில் அடிப்பதுதானே என் பிழைப்பு. அம்மா இங்கிலீஷ் கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, தனக்கு விளங்குவதற்காக முதலில் தமிழில் குறிப்பு எழுதுவாள், பிறகு இங்கிலீஷில் எழுதுவாள். ரெண்டையும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஆபீஸ் பழக்கத்தில் எழுதியவர் பேரை எல்லாம் பெரிய எழுத்தில் அடித்து, ஒவ்வொன்றையும் கட்டம் கட்டிவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "இவங்க மனுசங்க. கன்டெய்னர்ல ஏத்தி அனுப்புத மாதிரி இருக்கு" என்றாள். எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன். இங்கிலீஷ் எனக்கு ஓட்டம் கிடையாது. ஆனால் தமிழ்க் குறிப்புகளை அடிக்கும்போது படிக்காமல் இருக்க முடியுமா? படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வீட்டுக்குள் என்னவோ போலாகிவிட்டது.

மாமா தொழில் செய்கிற விதம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். வள்ளத்தில் ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய். குழாயின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முகத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு கீழே போய்விடுவார்கள். தரையில் நடந்து நடந்து சங்கு பொறுக்குவார்கள். மேலே ஒருத்தர் குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கீழே எவ்வளவு நேரம் என்பது சங்கு கிடைப்பதைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்தது இல்லை.

அது பங்குனி மாதம். தவக்காலம். காற்று விழுந்து, கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அப்படிக் கிடந்தால் ஆட்களுக்குச் சந்தோஷம், அடித்தரை தெரியும். மாமா தினமும் போனார்.

அம்மா முதலில் எழுதிய குறிப்புகளில் ஒன்று, மேலே வந்த பிறகு தோலில் வருகிற அரிப்பைப் பற்றியது. சில ஆட்களுக்குத் தோளிலும் வயிற்றிலும் பளிங்குத் தரை மாதிரி சிவப்பும் நீலமுமாகத் திட்டு விழும், அது உள்ளே நடக்கிற ஒன்றுக்கு அடையாளம் என்று அதில் இருந்தது. அதை அடித்து முடித்து நிமிர்ந்தேன். மாமா முற்றத்தில் குளித்துவிட்டுத் துண்டோடு நின்று, கதவுநிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார், மாடு தேய்க்குமே அந்த மாதிரி. தோளில் அந்தத் திட்டு இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அப்படியே நடந்தது. தோள் மூட்டில் வரும் வலி பற்றி ஒரு கட்டுரை வந்தது, அந்த வாரம் மாமா சோற்றுத் தட்டை இடது கையால் வாங்கினார். காரணமில்லாத களைப்பு பற்றி ஒன்று வந்தது, மாமா குழம்பு ஊற்றுவதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார். கட்டுரைகள் எங்கோ தூரத்துக் கடற்கரைகளைப் பற்றி, முன்பின் தெரியாத ஆட்களைப் பற்றி எழுதப்பட்டவை. அவை ஒவ்வொன்றாக வந்து நம் வீட்டில் உட்கார்ந்தன. அடுத்தது என்ன வருமோ என்று அம்மா கவரைப் பிரிக்கவே யோசிக்க ஆரம்பித்தாள். கவர் என்றால் காகிதக் கவர் இல்லை, பேராசிரியை போனில் அனுப்புகிற கோப்பு. அது வந்து விழுகிற சத்தம் கேட்டால் நானும் அடிப்பதை நிறுத்திவிடுவேன்.

மாமாவுக்கு இதெல்லாம் விளையாட்டு. "எக்கா, என்னையும் உன் பட்டியல்ல சேத்துக்கோ. எழுதினவன்: சங்குக்காரன். அச்சடிச்ச இடம்: கடலு. எவ்வளவு நம்பலாம்: சம்பளத்தன்னைக்கு மட்டும்" என்பார். அம்மா கோபத்தை அடக்கிக்கொண்டு, மற்ற ஆட்களிடம் கேட்பதுபோலவே அவரிடமும் கேள்வி கேட்டாள். எத்தனை ஆழம், எவ்வளவு நேரம், எங்கே வலி, எப்போது போகும் என்று. அவர் முதல் ரெண்டு நாள் பதில் சொன்னார். மூன்றாம் நாள் வாயை மூடிக்கொண்டார். தன் உடம்பு அக்காவின் பேனாவில் போய்ச் சேருவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் வைத்தியத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முழுசாகச் சொன்னார். அதில் அவருக்குப் பெருமை. மேலே வந்தபின் மூட்டு பிடித்துக்கொண்டால் நம் ஆட்கள் அதை வாயுப்பிடிப்பு என்பார்கள். அதற்கு மருந்து கடல்தான். குழாயை மறுபடி கொடுத்து, ஆளை மறுபடி கீழே இறக்கிவிடுவார்கள். கீழே போனதும் வலி கழற்றி வைத்த மாதிரி போய்விடும். கொஞ்ச நேரம் வைத்திருந்து மெல்ல மெல்ல மேலே எடுப்பார்கள். கரையில் யாரும் இதை ஒளித்துச் செய்வதில்லை. கைவைத்தியம் தெரிந்தவர்கள் பேசுவதுபோல எல்லாரும் பேசுவார்கள். மாமாவையே அப்படி மூன்று நாலு தடவை இறக்கி எடுத்திருக்கிறார்கள். "கடல்ல வாங்கினத கடல்லயே குடுத்துரணும்க்கா. டாக்டருகிட்ட குடுத்தா அவனுக்கு என்ன தெரியும்?" என்றார்.

இதைப் பற்றி அம்மாவுக்கு ரெண்டு கட்டுரைகள் கிடைத்திருந்தன. ஒன்று, வேறொரு நாட்டுக் கரையில் இதே மாதிரி குழாய் கட்டி இறங்குகிறவர்களிடம் போய்ப் பேசி எழுதியது. மறுபடி இறங்கிய அநேகம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள் என்று அதில் இருந்தது. இன்னொன்று ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த ஆட்களைப் பார்த்த வைத்தியர்கள் எழுதியது. மறுபடி இறங்கியபோது வலி போனது, மேலே வந்ததும் திரும்பி வந்தது, வரும்போது இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது என்று அது சொன்னது. ரெண்டையும் அம்மா படித்தாள். ரெண்டுக்கும் குறிப்பு எழுதினாள். எதை நம்புகிறேன் என்கிற வரியை மட்டும் எழுதவில்லை. நான் அந்த இடத்தைக் காலியாக விட்டு அடித்தேன்.

பேராசிரியை பட்டியலைத் திருப்பி அனுப்பி, அந்த வரி எங்கே என்று கேட்டிருந்தார். தெரியவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். தெரியவில்லை என்றால் ஏன் தெரியவில்லை என்றாவது எழுதவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். கறாரான அம்மாள், ஆனால் நியாயமானவர்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா மாமாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். நான் இருந்தேன்.

"இந்தத் தவக்காலம் முடியுத மட்டும் போகாத" என்றாள்.

"தவக்காலத்துக்குக் கறி வேண்டாம்னு சாமியாரு சொன்னாரு. கடல் வேண்டாம்னு சொல்லலையே."

"ஏலே, நான் சொல்லுதேன்."

"நீ சொல்லலக்கா. நீ படிச்சது சொல்லுது." எழுந்து சட்டையை எடுத்துக்கொண்டே, "படிச்சதுலயும் ஒண்ணு போகலாம்னுதான சொல்லுது? அத ஏன் நம்ப மாட்டேங்க?" என்றார்.

மாமா கேட்டது எதை என்று அம்மாவுக்குத் தெரியும். அது அவள் எழுதாமல் விட்ட வரி. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், அதை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. மாமாவுக்குக் குழாய் பிடிக்கிற பெரியவர். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், வயதில் மூத்தவர், பேச்சு குறைவு. உங்க மச்சினன் வர நேரமாகும், வீட்டில் தேடவேண்டாம் என்றார். எதற்கு நேரமாகும் என்று கேட்டேன். கொஞ்சம் வாயுப்பிடிப்பு, மேலே வந்ததும் பிடித்துவிட்டது, மறுபடி இறக்கலாம் என்றால் கம்ப்ரசருக்கு எண்ணெய் தீர்ந்துபோனது, கரைக்கு வந்திருக்கிறோம், எண்ணெய் ஊற்றிக்கொண்டு திரும்பப் போகிறோம் என்றார். பிறகு, "அக்காகிட்ட சொல்லவேண்டாங்கான்" என்று சேர்த்தார். அவர் போனை வைத்த விதத்தில் என்னவோ இருந்தது. ஒரு சின்ன விஷயத்துக்கு அவர் போன் செய்கிற ஆள் இல்லை.

நான் அம்மாவுக்குப் போன் அடித்தேன். சிலுவைப்பாதைக்குப் போவதற்காக அன்றைக்குப் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள். போய் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டேன். உப்பு லாரிகள் வரிசையாக நின்றன, ரோட்டில் நிலக்கரித் தூள் பறந்தது. அம்மா பின்னால் உட்கார்ந்து ஒருதரம் என் தோளைத் தட்டி, முந்திப் போகச் சொன்னாள்.

கரையில் வள்ளம் பாதி தண்ணீரில் கிடந்தது. ஒருத்தர் கேனிலிருந்து கம்ப்ரசருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா மணலில் வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஷெட்டு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், வள்ளத்து ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் மாமா சிரித்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாரு சொன்னா? அண்ணாச்சியா? இவருகிட்ட போயி ரகசியம் சொன்னேன் பாருங்க."

அம்மா அவர் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து காலைத் தொட்டாள். என்ன செய்கிறது என்று கேட்டாள். எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது, இடது கால் கொஞ்சம் மரத்திருக்கிறது, அவ்வளவுதான், கீழே போனால் சரியாகிவிடும் என்றார் மாமா. எப்போதிருந்து என்றாள். மேலே வந்த கொஞ்ச நேரத்தில் என்றார். அவள் அவர் கட்டைவிரலைக் கிள்ளினாள். அவள் கிள்ளியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், காலை இழுக்கவில்லை.

அப்போதுதான் அம்மா அதைக் கேட்டாள்.

"ஒண்ணுக்குப் போனியா?"

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தர், "டீச்சரம்மா, அவன் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்றார். மாமாவும் சிரிக்கப் பார்த்தார். குழாய் பிடிக்கிற அண்ணாச்சிதான் சொன்னார். காலையிலிருந்து ஒரு செம்பு நிறையத் தண்ணீர் குடித்தான், ரெண்டு தடவை வள்ளத்து ஓரத்தில் போய் நின்றான், வரவில்லை என்று திரும்பி வந்தான் என்றார்.

எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. ரெண்டாவது கட்டுரையின் குறிப்பில் நானே அடித்த வரி. இடுப்புக்குக் கீழே விளங்காமல் போகிறவர்களுக்கு முதலில் நிற்பது சிறுநீர் என்று.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அம்மா. அதோடு பேச்சு ஆரம்பமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்பதற்குள் கால் போய்விடும் என்றார்கள். எண்ணெய் ஊற்றியாகிவிட்டது, இதோ இறக்கிவிடுகிறோம், எங்கள் எல்லாரையும் இப்படித்தான் எடுத்தார்கள் என்றார்கள். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. மாமா மேல் பிரியம் உள்ளவர்கள், ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள். ஒருத்தர் மாமாவின் முகக்கண்ணாடியை எச்சில் போட்டுத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். கம்ப்ரசரை யாரோ ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் பேச்சு காதில் விழவில்லை.

மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எக்கா, பயமா இருக்கு. கீழ போனா சரியாயிரும். விடு" என்றார். விளையாட்டு எல்லாம் போய்விட்டது. சின்ன வயதில் ஜன்னல் கம்பியில் தலை மாட்டிக்கொண்டு அழுதாராமே, அந்தக் குரல் அதுதான் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. நின்றவர்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"குணமாயிட்டுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. நானும் படிச்சேன். அவரு யாருகிட்ட கேட்டாரு? தொழிலுக்கு வந்து நின்னவங்ககிட்ட கேட்டாரு. வராதவங்கள யாரு கேட்டா?"

அவள் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. ஆனால் கம்ப்ரசர் சத்தத்திலும் எல்லாருக்கும் கேட்டது. நம் கரையில் எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் கால் விழுந்து கட்டிலில் கிடக்கிறார்கள் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்களைக் கணக்கில் வைத்து யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான். துடைத்த கண்ணாடியைக் கையில் வைத்திருந்தவர் அதைத் தன் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

குழாய் பிடிக்கிற அண்ணாச்சி தண்ணீருக்குள் நடந்து போய் கம்ப்ரசரை நிறுத்தினார். திரும்பி வந்து, "தூக்குங்கலே" என்றார்.

உப்பு ஏற்ற வந்த ஒரு மினிலாரியில் தூக்கிப் போட்டோம். தலையை உயர்த்தாமல் படுக்க வைக்கவேண்டும் என்று அம்மா சொன்னாள், அதுவும் எங்கோ படித்ததுதான். மாமா வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே ரெண்டாவது காலும் மரத்துவிட்டது. "பாத்தியா" என்றார் அம்மாவிடம். அந்த ஒரு சொல்தான். அதற்கு அர்த்தம் என்ன என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

பணியில் இருந்த டாக்டர் சின்ன வயது. அம்மா சொன்னதை நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். உடனே மூக்குக்கு ஆக்சிஜன் மாட்டினார்கள், சிறுநீருக்குக் குழாய் வைத்தார்கள். பெரிய அழுத்த அறை ஒன்றில் ஆளைப் படுக்க வைத்து, கடலுக்கடியில் இருக்கிற அழுத்தத்தைக் கரையிலேயே கொடுத்து மெல்ல மெல்லக் குறைக்கிற வைத்தியம் இருக்கிறதாம். அது அங்கே இல்லை. எங்கே இருக்கிறது என்று விசாரித்து, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். நீண்ட தூரம். நான் கூடப் போனேன். வழியெல்லாம் நான் யோசித்தது ஒன்றுதான். கடலை வைத்தியம் என்று நம்பிய ஆட்களும், இந்த அறையை வைத்தியம் என்று நம்பும் டாக்டர்களும் செய்யப் பார்ப்பது ஒரே காரியம். அறையில் ஆளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் இருக்கிறார். மற்றதில் குழாயும் இருட்டும்.

மற்றது உங்களுக்குத் தெரியும். வலது கால் திரும்பி வந்தது. இடது கால் பாதி வந்தது. மாமா இப்போது கம்பு ஊன்றி, சம்மாட்டியின் ஷெட்டில் சங்கு தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறார். கடலுக்குப் போவதில்லை. போகவேண்டும் என்று கேட்பதும் இல்லை.

ஆனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் முன்னால் சொல்லமாட்டார். ஒருநாள் அம்மா மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது சொன்னார்.

"அன்னைக்கே என்னைய இறக்கியிருந்தா ரெண்டு காலும் வந்திருக்கும்."

அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அவரே பிறகு சொன்னார். "வராதவன யாரு கேட்டான்னு கேட்டல்லா? நல்ல கேள்விதான். உன் டாக்டரு யாரப் பாத்தாரு? ஆஸ்பத்திரிக்கு வந்தவன. இறங்கி நல்லாப் போனவன் எதுக்குக்கா ஆஸ்பத்திரிக்கு வாரான்?"

அம்மா தண்ணீர் டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்டது கிண்டலுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அன்றைக்கு மணலில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் இன்னும் யோசிக்கிறாள். கோயிலில் எல்லாரும் எழுந்து நிற்கும்போது சில சமயம் அவள் உட்கார்ந்தே இருக்கிறாளே, நீங்கள் முழங்கையால் இடிப்பீர்களே, அப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். இடிக்காதீர்கள்.

பட்டியல் அப்படியே கிடந்தது. நான் கேட்கவில்லை. ஒருநாள் அவளாக உட்கார்ந்து, அந்தக் காலி இடத்துக்கு எழுதி என்னிடம் கொடுத்தாள். நான் அடித்தது இதுதான்:

'முதல் கட்டுரை, தொழிலில் இருக்கிறவர்களிடம் மட்டும் கேட்டு எழுதப்பட்டது. ரெண்டாவது, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. ரெண்டிலும் கேட்கப்படாமல் போனவர்கள் இருக்கிறார்கள். கால் மரத்து, சிறுநீர் போகாமல் நிற்கிற ஆளை மறுபடி கடலில் இறக்கக் கூடாது என்பதை மட்டும் நம்புகிறேன். மற்றதை என் கரையில், கட்டிலில் கிடக்கிறவர்களிடமும் கேட்டபிறகு எழுதுவேன்.'

குறிப்பு நீளமாகிவிட்டது, ஆனால் ஒரு வரியும் குறைக்கவேண்டாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். கட்டுரைக்கு அவள் அப்படியே போய்க் கேட்டாள். ஒவ்வொரு வீடாகப் போனாள், சில வீடுகளில் உள்ளே விடவில்லை. அது வேறு கதை, அதை அவள்தான் எழுதவேண்டும்.

கட்டுரை வெளிவந்தது. இங்கிலீஷில் வந்தது. நம் கரையில் அதைப் படிக்கப்போகிறவர்கள் யார்? காற்று விழுந்து கடல் மறுபடி தெளிந்தது. போன வாரம் வேறொரு வள்ளத்தில் ஒரு பையனுக்கு வாயுப்பிடிப்பு என்று இறக்கினார்கள், நன்றாகத்தான் மேலே வந்தானாம், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனானாம். மாமாதான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அந்தப் பையனின் தோளில் திட்டு இருக்கிறதா என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றார். அடுத்த நாள் காலையில் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்றார்.

அன்று ஆபீஸ் விட்டதும் நான் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவின் தமிழ்க் குறிப்பை, அந்தக் கடைசிப் பத்தியோடு, பெரிய எழுத்தில் அடித்து ஒரு தாள் எடுத்தேன். இந்தத் தடவை பெரிய எழுத்து சரி என்று தோன்றியது. ஆபீஸ் கோந்து பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சம்மாட்டியின் ஷெட்டுக்குப் போனேன். மாமா வேலை முடிந்து கிளம்பியிருந்தார். உள்ளே யாரும் இல்லை. குழாய்ச் சுருளைத் தொங்கவிடுகிற ஆணிக்குப் பக்கத்தில், இறங்குவதற்கு முன்னால் எல்லாரும் நின்று சட்டையைக் கழற்றுகிற இடம் பார்த்து ஒட்டினேன். உப்புக் காற்றில் ஊறிய சுவர். தாள் பிடிக்கவில்லை, ஒரு மூலையை அமுக்கினால் மறுமூலை எழும்பியது. வெளியே தண்ணீர்ப் பக்கம் யாரோ கம்ப்ரசரை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள், மறுபடி ஓட்டினார்கள். நான் ரெண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தாளின் மேல் வைத்து, கோந்து காய்கிறவரைக்கும் அழுத்திக்கொண்டு நின்றேன்.